முட்டிக்கு ஒன்று

ஜூன் 2, திங்கள்

டைரி எழுதுகிற ஆள் இல்லை நான். எஸ்.ஐ. மேடம் சொன்னதால் எழுதுகிறேன். பள்ளி திறந்த முதல் நாளே பிரேயர் முடிவதற்குள் ஜீப் வந்து நின்றுவிட்டது. ஹெட்மிஸ்ட்ரஸ் முகம் வெளுத்துப்போனது. மேடம் வந்தது விளையாட்டு டீச்சரான என்னைப் பார்க்க. இந்த மாதம் 28, 29 இரண்டு நாளும் ஸ்டேஷன் சார்பில் போதை ஒழிப்பு மகளிர் கபடிப் போட்டி. நடத்துவது நான். போன மாதம் பக்கத்து ஊர்க் கல்லூரிப் பையன் ஒருவன் மாத்திரைப் பழக்கத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனான், திரும்பி வரவில்லை. அதிலிருந்து மேடத்துக்கு ஒரே பிடிவாதம், ஊரில் இதைப் பற்றிப் பேச்சு எழ வேண்டும் என்று.

"இந்த ஊர்ப் பிள்ளைய ஒங்க விசிலுக்குப் பயப்படுற அளவு என் லத்திக்குப் பயப்படுறதில்ல, சகாயராணி டீச்சர்" என்றார்.

சும்மா சொல்லக் கூடாது, கேட்க நன்றாகத்தான் இருந்தது. எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள் என்றார். பாங்கில் கொடுத்த டைரி ஐந்து மாதமாக வெள்ளையாகக் கிடந்தது. அதற்கும் ஒரு காலம் வந்தது.

வேலைகள்: களத்துக்குச் செம்மண். சுண்ணாம்புத் தூள். பந்தல்காரர். மைக் செட். பதினாறு குழுக்களுக்குக் கடிதம். உறுதிமொழி வாசிக்க ஆள். (நானே.)

காலையில் மாத்திரை, முட்டிக்கு ஒன்று போட்டேன்.

ஜூன் 4, புதன்

மாலைப் பயிற்சிக்குப் பன்னிரண்டு பேரும் வந்துவிட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை என்று யாராவது உச்சுக்கொட்டினால், இந்தப் பன்னிரண்டையும் ஒரே ஒரு நாள் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பலாம் போலிருக்கிறது.

சுடலைக்கனி சரியில்லை. அவள் பாடப் போனால் எதிர் அணி ஏழு பேரும் இரண்டடி பின்னால் போவார்கள். அப்படிப்பட்ட ரைடர். இன்று நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் மூச்சை விட்டுவிட்டாள். கொட்டாவி மேல் கொட்டாவி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றாள்.

"என்னட்டி, ராத்திரி பூரா போனா?"

"இல்ல டீச்சர். வெக்க."

வெக்கையாம். ஐந்து சுற்று ஓட விட்டேன். ஓடினாள். கோபம் வராமல் என்ன செய்யும்? மதுரைக் கல்லூரி ஒன்றின் கோச் இவளைப் பார்க்கவே 28ஆம் தேதி வருகிறார். அன்றைக்கு ஒழுங்காக ஆடிவிட்டால் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு, ஹாஸ்டல் எல்லாம் உண்டு. இல்லாவிட்டால் அம்மா போகிற தீப்பெட்டி ஆபீஸுக்கு மகளும் போக வேண்டியதுதான். அப்பா குடித்தே போய்ச் சேர்ந்தவர். அந்த வீட்டில் இன்னொரு வழி கிடையாது.

ஓடி முடித்ததும் வழக்கம்போல முதலுதவிப் பையைத் தூக்கி வந்து என்னிடம் கொடுத்தாள். பை எப்போதும் அவள் பொறுப்பு. பஞ்சு, பேண்டேஜ், ஸ்பிரே, என் மாத்திரை எல்லாம் அதற்குள்தான். நான் கேட்பதற்கு முன்னால் எடுத்துத் தருவாள். பொறுப்பான பிள்ளை.

எனக்கும் இன்றைக்கு ஒரே கொட்டாவி. வெயில் கொஞ்சமாகவா அடிக்கிறது?

ஜூன் 6, வெள்ளி

மாத்திரை அட்டையில் ஆறு இருக்க வேண்டும். மூன்றுதான் இருக்கிறது. நான்தான் போட்டிருப்பேன். செம்மண் லோடு நாளைக்குத்தான் வருமாம்.

ஜூன் 8, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் வாசலில் கனியின் அம்மா வேலம்மாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு வெற்று மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினாள்.

"தலகாணி உறைக்குள்ள கெடந்துச்சு டீச்சர். இது என்ன மாத்திரன்னு பாத்துச் சொல்லுங்க. ஒரு மாசமாச் சரியாச் சாப்பிட மாட்டேங்கா. கண்ணு ரெண்டும் உள்ள போயிட்டு. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுதா."

வாங்கிப் பார்த்தேன். எழுத்துத் தெரியவில்லை, கண்ணாடி உள்ளே இருந்தது. ஆனாலும் என்ன மாத்திரை என்று தெரிந்தது. மாதா மாதம் வருகிற வயிற்று வலிக்குப் போடுவது என்றேன். ஒரு தாயை எதற்கு வீணாகப் பயமுறுத்துவது? வேலம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு "சரி டீச்சர், நீங்க சொன்னாச் சரி" என்று சொல்லிவிட்டு அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எவனோ என் பிள்ளைக்கு மாத்திரை விற்கிறான். இந்த ஊரில், என் மூக்குக்குக் கீழே. கண்டுபிடிக்காமல் விடப்போவதில்லை.

ஜூன் 9, திங்கள்

பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடை மூன்று, பள்ளிக்கூடப் பின்சந்துக் கடை ஒன்று, ஜூஸ் கடை ஒன்று. எல்லா இடத்திலும் நின்று பார்த்தேன். ஜூஸ் கடைக்காரன், "என்ன டீச்சர், ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆயிட்டீயளா?" என்று கேட்டான். முறைத்தேன். எலுமிச்சை ஜூஸ் கொடுத்தான். ஒன்றும் சிக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்றைக்கு நடந்ததை எழுதுவதா வேண்டாமா என்று டைரியை மூன்று முறை மூடி மூடித் திறந்தேன்.

மருந்துக்கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் ஒரே கடைதான், பரமசிவம் அண்ணாச்சி கடை. போன வேகத்தில் கத்திவிட்டேன். பச்சைப் பிள்ளைகளுக்கு இந்த மாத்திரையைக் கொடுக்கிறீர்களே, உங்கள் மகளுக்குக் கொடுப்பீர்களா என்று கேட்டேன். எஸ்.ஐ. மேடத்திடம் சொல்லிக் கடையைப் பூட்ட வைப்பேன் என்றும் சொன்னேன். தைராய்டு மாத்திரை வாங்க வந்த ஒரு அம்மா பயந்துபோய் மீதியை மறந்துவிட்டுப் போனார்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். இந்த மாதிரி, பழக்கமாகிவிடக்கூடிய வலி மாத்திரைகளுக்கு யார் வாங்கினார்கள், எந்த டாக்டர் எழுதினார் என்று தனியாக எழுதி வைக்க வேண்டுமாம்.

"நீங்களே பாருங்க டீச்சர். போன வருஷத்துல இருந்து பாருங்க."

பார்த்தேன். சகாயராணி. சகாயராணி. சகாயராணி. பக்கத்துக்குப் பக்கம் என் பெயர்தான். வேறு ஒரு பெயர் இல்லை.

"இந்த ஊர்ல இந்த மாத்திர வாங்குறது நீங்க ஒரே ஆளுதான். ஒங்க பிளாஸ்டிக் சீட்டப் பாத்துத்தான் நானும் குடுத்துட்டு வாரேன். தெரிஞ்ச டீச்சராச்சேன்னு வாய மூடிக்கிட்டிருந்தேன். எம்மேலயும் தப்பு இருக்கு."

பிளாஸ்டிக் சீட்டு என்றால் டாக்டர் சீட்டுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் முட்டி ஜவ்வு கிழிந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது. மடித்து மடித்துக் கிழியப் பார்த்தது, அதனால் லேமினேட் செய்து வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு, ஆதார் கார்டு எல்லாம் அப்படித்தானே செய்கிறோம். அதில் ஐந்து நாளுக்கு என்று எழுதியிருப்பதை அண்ணாச்சி விரலால் தொட்டுக் காட்டினார். எனக்குத் தெரியாதா? என் கண்ணில் படாமலா மூன்று வருஷம் பைக்குள் வைத்திருந்தேன்?

படவில்லை என்றுதான் எழுத வந்தேன். வேண்டாம்.

ஜூன் 11, புதன்

பயிற்சி முடிந்ததும் மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கனியை விளையாட்டு அறைக்குக் கூப்பிட்டேன். பையைத் திறந்து அவள் முன்னால் கொட்டினேன்.

"எடுத்தியா?"

"எடுத்தேன்."

இப்படி உடனே ஒத்துக்கொள்ளுவாள் என்று நினைக்கவில்லை.

"திருடுறதுக்கா ஒங்கிட்டப் பையக் குடுத்தேன்?"

"மொதத் தடவ நீங்கதான டீச்சர் குடுத்தீய. சங்கரன்கோவில் செமி பைனல்ல. கணுக்கால் வீங்கிட்டு, ஒக்காருதேன்னு சொன்னேன். அரைய ஒடச்சு வாயில போட்டுட்டு, ஏறிப் பாடு, ஒண்ணும் செய்யாதுன்னு சொன்னீய."

"அரைதானட்டி குடுத்தேன்!"

"அரைதான். அன்னைக்கு எட்டுப் பாயிண்ட் எடுத்தேன். வலியே இல்ல. வலி மட்டும் இல்ல டீச்சர், ஒண்ணுமே இல்ல. அப்பா செத்தது, அம்மா இருமுறது, பரீட்ச, எதுவுமே நெஞ்ச அமுக்கல. அதுக்கப்புறம் பைனல்ல குடுத்தீய. திருச்செந்தூர்ல குடுத்தீய. அதுக்கப்புறம் நானா எடுத்தேன்."

இப்போது எடுக்காவிட்டால் உடம்பெல்லாம் முறுக்குகிறதாம், காலை ஓரிடத்தில் வைக்க முடியவில்லையாம். அழவில்லை. புத்தகத்தில் உள்ளதை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். அழுதது நான்தான், அதுவும் அவள் போன பிறகு.

எனக்கு இந்தப் பெண் மேல் எவ்வளவு பிரியம் என்று அவளிடம் ஒருநாளும் சொன்னதில்லை. ஓடு, குனி, மூச்சைப் பிடி, இதைத்தான் சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

முடிவு செய்துவிட்டேன். வெளியில் தெரிந்தால் போலீஸ், ஆஸ்பத்திரி, பேச்சு. மதுரைக் கோச் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். நானே சரிசெய்துவிடுவேன். எத்தனை பிள்ளைகளுக்கு எடை குறைத்திருக்கிறேன், எத்தனை பேரைக் காயத்திலிருந்து எழுப்பி ஓட விட்டிருக்கிறேன். இதுவும் ஒரு பயிற்சிதான்.

அட்டவணை போட்டேன். தினம் கொஞ்சம் குறைத்து என் கையாலேயே கொடுப்பது. காலை ஆறு மணிக்கு ஓட்டம், வியர்வை நன்றாக வெளியேற வேண்டும். இளநீர், முட்டை. 25ஆம் தேதிக்குள் சுத்தம். 28ஆம் தேதி ஆட்டம். வீட்டில் வாங்கி வைத்திருந்த அட்டைகளை எல்லாம் விளையாட்டு அறை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன், கனிக்கு ஒரு அட்டை தனியாக. சாவி என் கழுத்துச் செயினில்.

கனியிடம் காட்டினேன். "நீங்களும் கொறைப்பீயளா டீச்சர்?" என்று கேட்டாள்.

எனக்கு வலிக்குப் போடுகிறேன், உனக்கு அப்படியா என்றேன். தலையாட்டினாள்.

பந்தல்காரர் முன்பணம் கேட்கிறார். எஸ்.ஐ. மேடத்திடம் சொல்ல வேண்டும்.

ஜூன் 14, சனி

கனி ஓடினாள், நடுவில் இரண்டு முறை வாந்தி. கை கால் மயிரெல்லாம் குத்திட்டு நிற்கிறது, இந்த வெயிலில் குளிருகிறதாம். முதல் மூன்று நாள் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி வைத்தேன். அது எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை.

நானும் இன்று ஒன்றோடு நிறுத்திப் பார்க்கலாம் என்று காலையில் நினைத்தேன். மத்தியானம் மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு வந்தது, முட்டி விடவில்லை. மூன்று.

மழை வரவில்லை.

ஜூன் 16, திங்கள்

கோப்பைகள் வந்துவிட்டன. "போதையை விடு, பாதையைத் தொடு" என்று பொறித்திருக்கிறார்கள். எஸ்.ஐ. மேடம் எழுதியது. கனி வாசித்துவிட்டுச் சிரித்தாள். பத்து நாளைக்குப் பிறகு அவள் சிரித்துப் பார்க்கிறேன். அட்டவணைப்படி நடக்கிறது. இன்று மூன்று நல்ல ரைடு. ஜெபா அவள் காலைப் பிடித்தும் இழுத்துக்கொண்டே கோட்டைத் தொட்டுவிட்டாள். ஜெபா எங்கள் குழுவின் கேப்டன், அவள் பிடித்தால் ஆள் அசைய முடியாது.

இந்தப் பெண் பிழைத்துவிடுவாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஜூன் 18, புதன்

கனிக்கென்று எடுத்து வைத்திருந்த அட்டை பீரோவில் இல்லை. முழு அட்டை.

களத்தில் மற்ற பதினொரு பேர் முன்னால் அவளை அறைந்தேன். இவ்வளவு பாடுபட்டும் திருட்டுப் புத்தி போகவில்லையே என்றேன். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்றேன். இன்னும் சொன்னேன், எழுத முடியாது. அவள் கன்னத்தைக் கூடத் தடவவில்லை.

"சாவி ஒங்க கழுத்துலதான கெடக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னாள். முட்டிக் கவசத்தைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஒருத்தியும் அதற்குப் பிறகு ஆடவில்லை. ஜெபா என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 19, வியாழன்

கனி வரவில்லை. வேறு சாவி செய்திருப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எமகாதகிகள்.

ஜூன் 20, வெள்ளி

என் வீட்டுக்காரருக்கு இன்று டூட்டி இல்லை. பஸ் கண்டக்டர் வீட்டில் இருந்தால் சும்மா இருக்கமாட்டார், துணி துவைக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். நான் குழுக்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தேன். ஈரக்கையோடு வந்து நின்றார். கனி அட்டையைத் திருடிவிட்டாள் என்று இரண்டு நாளாக அவரிடம்தான் புலம்பியிருந்தேன்.

"ராணி, இது கனிக்குன்னு வச்சிருந்ததா, ஒனக்கா?"

என் டிராக் பேண்ட் பையிலிருந்ததாம். அட்டை முழுவதும் காலி. பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் 'க' என்று போட்டிருந்தது. என் எழுத்து.

கண்டக்டர் வேலை பார்த்துப் பார்த்து அவருக்கு யார் பொய் சொல்கிறார்கள் என்று முகத்திலேயே தெரியும். ஆனாலும் சத்தம் போடவில்லை. "நான் ஒரு வருசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். கேட்டா நீ கத்துவ. பொழுது விடிஞ்சா டூட்டி இருக்கேன்னு நானும் விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட துணியைத் துவைக்கப் போய்விட்டார்.

எனக்கு நினைவு வந்தது. செவ்வாய்க்கிழமை. சுண்ணாம்பு வண்டி வரவில்லை, டிரைவர் போனை எடுக்கவில்லை. ஒன்று மட்டும் என்று பீரோவைத் திறந்தேன். திறந்தது நினைவிருக்கிறது. பூட்டியது நினைவில்லை. மிச்சத்தைப் பையில் போட்டது சுத்தமாக நினைவில்லை.

கன்னத்தில் என் விரல் பதிந்த பிறகும் அந்தப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பதினொரு பேர் முன்னால், முதலில் கொடுத்தது டீச்சர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

வெட்கமாக இருக்கிறது. இதற்கு மேல் வேறு வார்த்தை தெரியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. நேராக வேலம்மாள் வீட்டுக்குப் போனேன். நேற்றே போக வேண்டியது, தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

வேலம்மாள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கேயே, வரிசையில் நிற்கிற பெண்கள் கேட்டால் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன். கனிக்கு அந்த மாத்திரையை முதலில் கொடுத்தது நான், அன்றைக்கு உங்களிடம் பொய் சொன்னேன், அவளை அநியாயமாக அடித்தேன், திருடியது நான். குரல் விசில் மாதிரி கிறீச்சென்று வந்தது.

வேலம்மாள் குடத்தை இறக்கி வைத்தாள்.

"மாத்திர என்னன்னு தெரியாமயா அன்னைக்கு வந்தேன் டீச்சர்? கனி எங்கிட்ட மொதல்லயே சொல்லிட்டா, டீச்சர் குடுக்குற மாத்திரன்னு. நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீயன்னுதான் அட்டையக் கொண்டாந்தேன். நீங்க வயித்து வலிக்குன்னு சொன்னீய."

"ஏன் என்னை ஒண்ணும் கேக்காமப் போனீய?"

"கேட்டிருப்பேன். தெருவுல இழுத்துப்போட்டு மானத்த வாங்கியிருப்பேன். எம்மவ நான் சொன்னாக் கேக்கமாட்டா, ஒங்க பின்னாலதான் வருவா. ஒங்கள வெரட்டிட்டா அவள எவ கரையேத்துவா? அதான் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்."

அதற்குப் பிறகுதான் அழுதாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, யாரும் குழாயை மூடவில்லை.

கனி வீட்டுக்குள் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தாள். நாலு நாளாக மாத்திரை ஒன்றும் இல்லாமல் கிடக்கிறாள். கால் மட்டும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். திரும்பாமலே கேட்டாள்: "என்னயச் சேத்துவிட்டுட்டு நீங்க வந்திருவீயளா?"

"நானும் சேருதேன்."

"சத்தியமா?"

சத்தியம் செய்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. செய்தேன்.

ஜூன் 23, திங்கள்

மாவட்ட ஆஸ்பத்திரி. இவர் லீவு போட்டுக் கூட வந்தார், வேலம்மாளும்தான். பஸ்ஸில் மூன்று பெண்களுக்கும் சேர்த்து இடம் பிடித்தார்.

டாக்டர் சின்னப் பெண், என் பழைய மாணவி வயதுதான் இருக்கும். முதலில் கனியிடம் கேட்டார். கனி உள்ளதைச் சொன்னாள். பிறகு என்னிடம் கேட்டார், ஒரு நாளைக்கு எத்தனை?

"ஒண்ணு."

கனி என்னைப் பார்த்தாள்.

"மூணு."

கனி கண்ணை எடுக்கவில்லை.

"ஆறு. சில நாள் எட்டு."

டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதிக்கொண்டார். அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. நாங்களாகக் குறைப்பது, ஒரேயடியாக நிறுத்துவது எல்லாம் கூடாதாம். மருந்து கொடுத்துப் படிப்படியாக இறக்குவார்களாம். ஓட விட்டு வியர்வையில் வெளியேற்றினேன் என்று சொன்னதும்தான் பேனாவை வைத்தார். "வாந்தியும் எடுத்துக்கிட்டு, இந்த வெயில்ல ஓடி இந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஆயிருந்தா?" என்றார். பத்துப் பன்னிரண்டு நாள் இங்கே இருக்க வேண்டுமாம். பெண்கள் பக்கம் நான்கே கட்டில், எங்களுக்கு ஜன்னலோரம் இரண்டு.

"இது ஜெயில் இல்ல. போகணும்னு தோணும். எழுதிக் குடுத்துட்டுப் போகலாம், யாரும் தடுக்க மாட்டோம். ஆனா தோணும்போது எங்கள ஒருதரம் கூப்பிடுங்க."

எஸ்.ஐ. மேடத்துக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப உறுதிமொழிய யாரு வாசிக்க?" என்றார். ஜெபா வாசிப்பாள் என்றேன். "சரி. மொதல்ல ஒடம்பப் பாருங்க. மத்தது அப்புறம் பேசிக்கிடலாம்" என்றார். மற்றது என்றால் என்ன என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. வேலை போனாலும் போகும்.

மதுரைக் கோச்சிடமும் பேசினேன். கனி ஆடமாட்டாள், உடம்பு சரியில்லை என்றேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்கிற வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கனிக்கும் தெரியும். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ஜூன் 25, புதன்

கால் கால் கால். படுத்தால் நடக்கச் சொல்கிறது, நடந்தால் படுக்கச் சொல்கிறது. நர்ஸிடம் கத்தினேன். மன்னிப்புக் கேட்டேன். திரும்பக் கத்தினேன்.

ஜூன் 26, வியாழன்

இன்று போதை ஒழிப்பு நாளாம். ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸிங் பிள்ளைகள் வரிசையாக நின்று கையை நீட்டி உறுதிமொழி சொன்னார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வருஷா வருஷம் நான் சொல்லிக் கொடுத்த அதே உறுதிமொழி. நான் தினமும் பையைக் கனியிடம் கொடுத்து, எடுத்துவா என்று கையை நீட்டியதைப் பார்த்துத்தான் அவள் கற்றுக்கொண்டாள். அந்தக் கையைத்தான் உறுதிமொழிக்கும் நீட்டியிருக்கிறேன்.

கனி இரண்டு இட்லி சாப்பிட்டாள். வயிற்றில் நின்றது. வேலம்மாள் அதை இவருக்குப் போன் போட்டுச் சொல்கிறாள், கோப்பை வாங்கின மாதிரி.

ஜூன் 28, சனி

காலை ஏழரை. நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாற்றி எழுதிவிடுவேன்.

விடிந்ததிலிருந்து எனக்கு ஒரே நினைப்பு. இந்நேரம் களத்தில் தண்ணீர் தெளித்திருப்பார்களா? கோடு யார் போடுவார்கள்? நான் போடுகிற மாதிரி நேராகப் போட அங்கே ஒருவருக்கும் தெரியாது. குழுக்கள் வந்து இறங்கும்போது ஆளில்லாவிட்டால் ஊர் என்ன சொல்லும்? ஒருநாள் மட்டும் போய்விட்டு வந்தால் என்ன? சாயங்காலம் வந்து படுத்துக்கொள்ளலாம். எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று டாக்டரே சொன்னார்.

உள்ளதையும் எழுதிவிடுகிறேன். பரமசிவம் அண்ணாச்சி எனக்கு இனி தரமாட்டார். ஆனால் இங்கே பஸ் ஸ்டாண்டில் நாலு மருந்துக்கடை இருக்கிறது. எட்டு மணிக்குத் திறந்துவிடுவார்கள். சுண்ணாம்புக் கோடு ஒரு பக்கம் இருக்கட்டும், என் மனசு அந்த எட்டு மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

வேலம்மாள் டீ வாங்கக் கீழே போயிருந்தாள். கனி தூங்குகிறாள் என்று நினைத்துச் சத்தமில்லாமல் துணியை மடித்துப் பையில் வைத்தேன். புடவையைச் சரிசெய்துகொண்டு செருப்பைப் போட்டேன்.

"எங்க டீச்சர்?"

"களத்துக்குத்தான். கோடு போட ஆள் இல்லட்டி. சாயங்காலம் வந்திருவேன்."

என்னைத் தடுப்பாள், சத்தியத்தை ஞாபகப்படுத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். அவளோ மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். ஐந்து நாளில் தோள் எலும்பு துருத்திவிட்டது. கலைந்த முடியை அள்ளி ரப்பர் பேண்ட் போட்டாள். காலால் கட்டிலுக்கு அடியில் துழாவித் தன் செருப்பை வெளியே இழுத்தாள்.

"நீ எங்கட்டி கிளம்புத?"

"நானும் வாரேன். அந்த மதுரை சார் வந்திருப்பாருல்லா. நீங்க வாங்கும்போது எனக்கும் ஒண்ணு வாங்குங்க. போட்டா ஆடிருவேன்."

கிண்டல் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே வரத் தயாராக நின்றாள். முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. நான் எப்போது கிளம்புவேன் என்று இவ்வளவு நேரமும் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்திருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. வாசல்வரை நான் போனால் வாசல்வரை வருவாள். மருந்துக்கடைவரை போனால் மருந்துக்கடைவரை வருவாள்.

கதவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. வராண்டாவில் நர்ஸ் போனாள். கூப்பிட வேண்டும். டாக்டர் கூப்பிடச் சொன்னார். பதினைந்து வருஷமாக விசில் ஊதி ஊரைக் கூட்டிய எனக்கு ஒரு பெண்ணைக் கூப்பிடக் குரல் வரவில்லை.

"சிஸ்டர்" என்றேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தரம் கத்தினேன். வந்தாள்.

"எனக்குப் போகணும்னு இருக்கு" என்றேன்.

அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக் கட்டிலில் வைத்தாள். உட்காருங்க, டாக்டரக் கூட்டிட்டு வாரேன் என்று சொல்லிவிட்டு ஓடினாள். கனி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள், செருப்போடு.

"நீ படு" என்றேன்.

"நீங்க படுங்க மொதல்ல."

படுத்தேன். கால் ஆடிக்கொண்டே இருந்தது. கனி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் படுத்தாள்.